என்ஜின்எக்ஸில் என்வ் மாறிகள்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்டில் எங்கள் சின்ன டீமின் சர்வர்களை சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், பின்னால் பிஎச்பி ஆப்பை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், பழைய வேலை ஒன்றுக்காக அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வர். புதிதாகச் சேரும் நம்மூர்ப் பையன்கள் என்வ் மாறிகளை (என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது ஒரு ப்ரோகிராமுக்கு வெளியிலிருந்து பெயரும் மதிப்புமாகக் கொடுப்பவை) பற்றித் தவறாமல் கேட்பது இதுதான்: "அண்ணா, ஷெல்லில் எக்ஸ்போர்ட் பண்ணிட்டேன், எக்கோ போட்டா வருது, ஆப்ல மட்டும் ஏன் காலியா இருக்கு?"

காலியாகத்தான் இருக்கும். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிளப்பும் சர்வீஸுக்கு நீங்கள் லாகின் செய்த ஷெல்லோடு எந்த உறவும் கிடையாது, அந்த சர்வீஸை விவரிக்கும் யூனிட் ஃபைலில் என்விரான்மென்ட் அல்லது என்விரான்மென்ட்ஃபைல் போன்ற வரி இருந்தால்தான் மாறி உள்ளே போகும். அப்படிப் போனதையும் என்ஜின்எக்ஸ் டிஇசட் (நேர மண்டலம்) ஒன்றைத் தவிர எல்லாம் துடைத்துவிடும். வேண்டியதை என்வ் என்ற வரியில் பெயர் சொல்லி, கான்ஃபிக்கின் மேல்மட்டத்தில் கேட்க வேண்டும். கேட்டு வாங்கினாலும் அதே கான்ஃபிக்கில் டாலர் போட்டுப் படிக்க முடியாது! டாக்கரில் ஓடுகிறவர்கள் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரும், மாறிகளின் மதிப்பை ஃபைலில் நிரப்பித் தரும் என்வ்சப்ஸ்டும் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

ஆனால் பையன் கேட்ட கேள்விக்கு என்ஜின்எக்ஸ் குற்றவாளியே இல்லை. ஆப் ஓடுவது எஃப்பிஎம்மில், அது தனி சர்வீஸ், அதன் கான்ஃபிக்கான பூல் ஃபைலில், வெளியிலிருந்து வரும் மாறிகளைத் துடைக்கும் கிளியர்_என்வ் சொல்லாமலே 'யெஸ்' என்றுதான் இருக்கும். அதை 'நோ' ஆக்குவதைவிட பூல் ஃபைலில் தேவையான மாறிகளை மட்டும் ஒவ்வொன்றாக எழுதுவதே எனக்குப் பிடித்த வழி. சோதிக்க, மாறிகள் உட்பட எல்லாவற்றையும் கொட்டிக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைத் திறந்து வைக்காதீர்கள், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வரை ஊருக்கே தெரியும். மாறிகளின் பெயரை மட்டும் அச்சடிக்கும் நாலு வரி ஸ்கிரிப்ட் போதும்.

அப்பாச்சி வேறு ரகம். மாறியை வைக்கும் செட்என்வ் வரி ரொம்பத் தாமதமாக வேலை செய்வதால், முகவரியை மாற்றி எழுதும் விதிகளுக்கு நிபந்தனை சொல்லும் ரீரைட்காண்ட் அதைப் பார்க்காது, அந்த இடத்துக்கு செட்என்வ்இஃப்தான்.

மாறிகளைக் கண்டபடி உள்ளே விடாத இந்தக் கெடுபிடி முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது பிடித்துவிட்டது. 2016இல் வெளிவந்த எச்டிடிபாக்ஸி என்ற பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பாருங்கள்: யாரோ கோரிக்கையோடு அனுப்பும் 'ப்ராக்ஸி' என்ற ஹெடர், வெப் சர்வர் ஆப்புக்குத் தகவல் கொடுக்கும் சிஜிஐ முறைப்படி எச்டிடிபி_ப்ராக்ஸி என்ற மாறியாகிவிடும், ஆப் அதை நம்பி வெளியே போகும் அழைப்புகளை அந்த ஆள் காட்டும் இடத்துக்கே அனுப்பும். எங்கள் கான்ஃபிக்கில் அந்த மாறியைக் காலியாக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம் வரி இன்னும் இருக்கிறது.

குறை என்றால் ஒன்று: என்விரான்மென்ட்ஃபைலில் மதிப்பை மாற்றிவிட்டு ரீலோட் (சர்வீஸை நிறுத்தாமல் கான்ஃபிக்கை மறுபடி படிக்கச் சொல்வது) கொடுத்தால் ஒன்றும் ஆகாது, மாஸ்டர் ப்ராசஸ் பழைய மதிப்போடுதான் உட்கார்ந்திருக்கும். ரீஸ்டார்ட்தான் வழி, அதனால் எங்களுக்கு இந்த வேலை எப்போதும் ராத்திரிக்குத்தான்.