ஸ்கேட்டா, திருக்கையா?

இரண்டும் தட்டையான குருத்தெலும்பு மீன்கள்தான். 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இரண்டையும் ராஜா என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார். இன்று ஸ்கேட் ராஜிஃபார்மிஸ் வரிசை, கொட்டும் திருக்கை மிலியோபாட்டிஃபார்மிஸ் வரிசை.

வாலைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். திருக்கைக்குச் சாட்டை போல வால், அதில் இரம்பப் பல் கொண்ட நச்சு முள். ஸ்கேட்டின் வால் தடிமன். நுனியருகே இரண்டு குட்டித் துடுப்புகள், நச்சு முள் கிடையாது. முதுகில் சொரசொரப்பான முட்கள் உண்டு, ஆனால் விஷமில்லை.

என்னைக் கேட்டால், உறுதியான அடையாளம் இனப்பெருக்கம்தான். திருக்கை குட்டி போடும். கருப்பையிலேயே பால் போன்ற திரவம் சுரந்து குட்டியை வளர்க்கும். ஸ்கேட் முட்டையிடும். நான்கு மூலையிலும் கொம்பு நீட்டிய தோல் பைக்குள் குஞ்சு மாதக்கணக்கில் வளரும். காலிப்பை சில சமயம் கரை ஒதுங்கும்.