ஆன்லைனில் கிட்டார் பாடி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: காலிப்பர் வைத்து அளந்த படம் வராமல் பணம் கட்டாதீர்கள்

ஸ்ட்ராட் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் மாடல்) வகை எலெக்ட்ரிக் கிட்டாரைச் சொந்தமாகக் கட்டுகிறவர்களும், பழைய கிட்டாருக்குப் பாடியை மட்டும் மாற்றுகிறவர்களும் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைன் சந்தை ஒன்றில் வாங்கிய பாடியைப் பற்றிய பதிவு இது. கடைப் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இல்லை, ஒரே படத்தை வைத்துக்கொண்டு வேறு வேறு பெயர்களில் விற்கிறார்கள். விளம்பரத்தில் இருந்தது மூன்று விஷயம்: ஆல்டர் மரம், ஸ்டாண்டர்டு ஸ்ட்ராட் அளவு, ஃபெண்டர் வகை நெக் (கம்பிகள் ஓடும் நீளமான கழுத்துப் பகுதி) எதுவும் பொருந்தும். வந்து இறங்கியதில் மூன்றுமே பொய்.

எடையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. சமையலறைத் தராசில் 1.25 கிலோதான் காட்டியது. முழுத் தடிமன் ஆல்டர் பாடி பெயின்ட்டோடு சேர்த்து 1.8 முதல் 2 கிலோ வரை இருக்கும். இவ்வளவு லேசாக வருவது பெரும்பாலும் பௌலோனியா என்ற மென்மையான மரம். உலர்ந்த ஆல்டர் கன மீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ என்றால் பௌலோனியா 300-க்கும் கீழே. கறுப்புப் பெயின்ட்டைக் கனமாக அடித்திருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. பின்பக்க ஸ்பிரிங் குழிக்குள் பெயின்ட் படாத ஓரிடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் வைக்கோல் நிற மரம். நகத்தால் அழுத்தினால் அச்சு அப்படியே நிற்கிறது. ஆல்டர் லேசான செம்பழுப்பு, அதில் நகம் இப்படி இறங்காது.

1954-இல் ஸ்ட்ராட் வந்தபோது ஆஷ் மரம், 1956-லிருந்து பெரும்பாலும் ஆல்டர். அந்தப் பெயரைப் போட்டால் விலை ஏறும் என்பதால்தான் எல்லா விளம்பரத்திலும் ஆல்டர் இருக்கிறது. எந்த மரத்தில் சத்தம் நன்றாக வரும் என்ற சண்டைக்குள் நாங்கள் போகவில்லை. கேள்வி ஸ்க்ரூ பிடிப்பது பற்றியது. 9–42 கம்பி செட் (எண்கள் மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமனைக் குறிக்கும்) ஸ்டாண்டர்டு ட்யூனிங்கில் இழுக்கும் மொத்த இழுவை சுமார் 38 கிலோ, 10–46 என்றால் 46 கிலோவுக்கு மேல். ட்ரெமோலோ பிரிட்ஜில் (கம்பிகளின் பாடிப் பக்க முனையைத் தாங்கும், கைப்பிடியால் அசைக்கக்கூடிய பாகம்) அந்த இழுவை முழுவதையும் முன்வரிசை ஸ்க்ரூக்கள் தாங்க வேண்டும். பௌலோனியாவில் இரண்டு ஸ்டட் (தடித்த உலோக முளை) மேல் நிற்கும் பிரிட்ஜ் போட்டால் ஸ்டட் மெதுவாக முன்னால் சாயும், ஆக்‌ஷன் (நெக்கிலிருந்து கம்பி நிற்கும் உயரம்) ஏறும், ட்யூனிங் நிற்காது. ஸ்ட்ராப் பட்டன் கழன்று வருவது, தோளில் மாட்டினால் நெக் தரையைப் பார்த்துத் தொங்குவது எல்லாம் கூடுதல் சங்கடம்.

மரமாவது பரவாயில்லை. நெக் பாக்கெட், அதாவது பாடியில் நெக் உட்காரும் குழி, அதுதான் உண்மையான மோசடி. ஃபெண்டர் அளவில் நெக்கின் அடிப்பகுதி சுமார் 56 மி.மீ. அகலம், பாக்கெட் அதைவிட மயிரிழைதான் அதிகம் இருக்க வேண்டும். நீளம் 76 மி.மீ., ஆழம் 15.9 மி.மீ. இந்தப் பாடியில் அகலம் 57.4, ஆழம் 18.2. அகலத்தில் ஒன்றரை மி.மீ. இடைவெளி விட்டால் நெக் இடம் வலமாக ஆடும். நான்கு ஸ்க்ரூவும் இறுக்கியிருந்தாலும் கிட்டார் எங்காவது இடித்தால் போதும், ஒன்றாம் கம்பி (மிக மெல்லியது) ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஓரத்திலிருந்து நழுவிப் போகும்.

ஆழம் அதிகமானால் வரும் தொல்லை வேறு. நெக் அடிப்பகுதியின் தடிமன் ஃபிங்கர்போர்டோடு சேர்த்து 25.4 மி.மீ. சரியான பாக்கெட்டில் அது பாடிக்கு மேலே 9.5 மி.மீ. நிற்கும். இதில் 7.2 மி.மீ. மட்டுமே. அதைச் சரிக்கட்ட சேடில்களை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் துண்டுகள்) அடிவரை இறக்க வேண்டும், உயரம் சரிசெய்யும் ஸ்க்ரூ மேலே துருத்திக்கொண்டு கையைக் குத்தும், அப்படியும் ஆக்‌ஷன் உயரமாகவே நிற்கலாம். கிரெடிட் கார்டைத் துண்டு போட்டு வைக்கிற வைத்தியம் 2.3 மி.மீ.க்குப் போதாது. பாக்கெட் முழுக்க நிரப்பும் கெட்டி மரத் தகடு ஒட்ட வேண்டும்.

போதாக்குறைக்கு பாக்கெட்டின் இரண்டு மூலைகளிலும் பெயின்ட் வழிந்து மணியாக உறைந்திருந்தது. நெக் மரத்தின் மேல் உட்காராமல் அந்த மணிகளின் மேல் உட்காருகிறது. இதை மட்டும் கூர்மையான உளியால் சுரண்டிவிடலாம். பாடியில் நெக் ஸ்க்ரூ போகும் ஓட்டைகளையும் பாருங்கள்: ஸ்க்ரூ தாராளமாக வழுக்கிப் போக வேண்டும். மரை நெக்கில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். பாடியிலும் பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நெக் பாக்கெட்டோடு ஒட்டாது.

அடுத்தது பிரிட்ஜ் ஓட்டை. ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோவில் இரண்டு அளவுகள் அதிகம் புழங்குகின்றன: முதல் ஓட்டைக்கும் ஆறாவது ஓட்டைக்கும் நடுவே 56 மி.மீ. சொச்சம் உள்ள விண்டேஜ் அளவு ஒன்று, 52.5 மி.மீ. அளவு இன்னொன்று. ‘விண்டேஜ்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பி 56-இல் பிரிட்ஜ் வாங்கியாகிவிட்டது, பாடியில் துளைத்திருந்தது 52.5. கடைசி ஓட்டைகள் இரு பக்கமும் கிட்டத்தட்ட 2 மி.மீ. தள்ளிப் போகின்றன. பாதி பழைய ஓட்டை மேலும் பாதி மரத்தின் மேலுமாக டிரில் போட்டால் பிட் பழைய ஓட்டைக்குள் சரியும். கெட்டி மரக் குச்சியைப் பசையோடு அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகுதான் துளைக்க முடியும். பாடியின் தடிமன் 44.5-க்குப் பதில் 41 மி.மீ. என்பதால் முழு அளவு ட்ரெமோலோ பிளாக் (பிரிட்ஜின் அடியில் இருக்கும் உலோகக் கட்டி) பின்பக்கம் எட்டிப் பார்க்கிறது, பின் மூடியை மூட முடியவில்லை.

நெக்கைக் கிளாம்ப் போட்டுப் பாக்கெட்டில் நிறுத்தி, நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் சிறு பட்டை) முதல் காடியிலிருந்தும் ஆறாவது காடியிலிருந்தும் பிரிட்ஜ் வரை தையல் நூல் இழுத்துப் பார்த்தபோது, தடித்த கம்பிப் பக்கம் ஓரத்தில் நிறைய இடம், ஒன்றாம் கம்பிப் பக்கம் நூல் ஃப்ரெட்டின் நுனியிலேயே போகிறது. அதாவது பாக்கெட்டும் பிரிட்ஜும் ஒரே நடுக்கோட்டில் இல்லை. இதற்குக் குறுக்குவழி கிடையாது. இந்த நூல் சோதனைக்கு ஓர் ஓட்டைகூடப் போட வேண்டாம், எந்தப் பாடி வந்தாலும் முதல் வேலையாகச் செய்யுங்கள்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: பாக்கெட் அகலம், பாக்கெட் ஆழம், பாடித் தடிமன், பிரிட்ஜ் ஓட்டைகளின் வெளி அளவு. நான்கும் காலிப்பர் வைத்து, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளோடு. ஐந்தாவதாகத் தராசின் மேல் பாடி. இன்னொரு கணக்கும் உண்டு. 25.5 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளம்) என்பது 648 மி.மீ. உங்கள் நெக்கில் நட்டிலிருந்து அடிமுனை வரை அளந்து, அதை 648-இல் கழியுங்கள். உதாரணத்துக்கு 462 வந்தால் மீதி 186. பாக்கெட்டின் பின்சுவரிலிருந்து ஒன்றாம் கம்பியின் சேடில் நிற்கும் இடம் அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், தடித்த கம்பியின் சேடில் அதைவிடச் சற்றுப் பின்னால் போகவும் இடம் வேண்டும். டெலிகாஸ்டர் நெக் வைத்திருப்பவர்கள் ஸ்ட்ராட் பாடியே பார்க்காதீர்கள்: டெலி நெக்கின் முனை சதுரம், ஸ்ட்ராட் பாக்கெட்டின் முனை வளைவு.

‘ஃபெண்டர் டிசைன்’ என்ற வார்த்தைக்கு மதிப்பு எதுவும் இல்லை. பாடி வடிவங்களை வணிகக் குறியீடாகப் பதிய ஃபெண்டர் கேட்டதை 2009-இல் அமெரிக்க வணிகக் குறியீட்டு வாரியம் மறுத்துவிட்டது. அதனால் அங்கே அந்த வடிவத்தை யாரும் வெட்டலாம், ஆனால் அளவு அப்படியே இருக்கும் என்று அர்த்தம் இல்லை. வார்மோத், ஆல்பார்ட்ஸ் மாதிரி உரிமம் வாங்கிச் செய்பவர்கள் அளவைத் தங்கள் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். விலை அதிகம்தான், இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரியும் சேரும்.

புகார் சொன்னதும் வந்த பதில்: “இது நார்மல் சார், லூதியர்கிட்ட கொடுத்தா செட் பண்ணிடுவாங்க.” லூதியர் என்றால் கிட்டார் செய்பவர், பழுது பார்ப்பவர். அடுத்து, பாடியை வைத்துக்கொள்ளுங்கள், விலையில் கால் பங்கு திருப்பித் தருகிறோம் என்றார்கள். இதை ஒப்புக்கொண்டால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும், பிறகு பேச இடமில்லை. பெட்டியைத் திறக்கும்போதே வெட்டு இல்லாத வீடியோ எடுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் எங்கள் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ‘ஆல்டர்’ போய், எந்த மரத்துக்கும் பொருந்தும் ‘டோன்வுட்’ என்ற சொல் வந்துவிட்டது. ஓர் ஓட்டை போட்டாலோ உப்புத்தாள் பட்டாலோ திருப்பி எடுக்க மாட்டார்கள். சந்தை நிறுவனமும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். காலிப்பர் படங்களையும் தராசுப் படத்தையும் புகாரோடு இணையுங்கள்.