தொகுதியைத் துறப்பதா, நாற்காலியைத் துறப்பதா?

பதவிக்காலம் முடியும் முன்பே ராஜினாமா செய்கிறவர்களை நம் ஊடகங்கள் இரண்டே பெட்டிக்குள் அடைத்துவிடுகின்றன: தியாகி அல்லது ஓடுகாலி. இரண்டுமே உதவாது. முதலில் பார்க்க வேண்டியது, எதைத் துறந்தார் என்பதை. எம்.எல்.ஏ., எம்.பி. பதவியை விடுவது ஒரு ஆட்டம். முதல்வர் நாற்காலியை விடுவது வேறு ஆட்டம்.

தொகுதியைத் துறந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வந்துவிடும். செய்தது சரியா தவறா என்று வாக்காளரே சுடச்சுடச் சொல்லிவிடுவார். இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடியவர் தெலங்கானாவின் கே. சந்திரசேகர ராவ். 2001-ல் தெலுங்கு தேசத்தையும் சட்டமன்றத் துணைச் சபாநாயகர் பதவியையும் சித்திப்பேட்டை தொகுதியையும் விட்டு வெளியேறி, தனித் தெலங்கானா மாநிலம் கேட்டுத் தொடங்கிய தெலங்கானா ராஷ்டிர சமிதி (டி.ஆர்.எஸ்.) என்ற புதுக் கட்சியின் பெயரில் அதே தொகுதியில் ஜெயித்தார். 2006-ல் காங்கிரஸ்காரர்கள் விட்ட சவாலை ஏற்று கரீம்நகர் எம்.பி. பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலில் வித்தியாசம் இரண்டு லட்சம் வாக்குகளைத் தாண்டியது.

ருசி கண்டபின் சும்மா இருக்க முடியுமா? 2008-ல் அவரோடு சேர்த்து நான்கு எம்.பி.க்களும் பதினாறு எம்.எல்.ஏ.க்களும் ராஜினாமா செய்தார்கள். திரும்ப ஜெயித்தது இரண்டு மக்களவைத் தொகுதிகளிலும் ஏழு சட்டமன்றத் தொகுதிகளிலும்தான். தலைவரே சுமார் பதினைந்தாயிரம் வாக்கில் தப்பித்தார். ஆனால் 2010 ஜூலையில் அதே ஆயுதம் மறுபடி வேலை செய்தது: பன்னிரண்டு இடைத்தேர்தல்களில் பதினொன்று டி.ஆர்.எஸ். பக்கம், ஒன்று பா.ஜ.க. பக்கம். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது? 2009 டிசம்பரில் தெலங்கானாவைத் தனி மாநிலமாக்கும் நடவடிக்கை தொடங்கும் என்று அறிவித்த மத்திய அரசு, சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2010-ல் கோபம் ஏற்கெனவே தெருவில் இருந்தது, ராஜினாமா அதற்கு ஒரு வாக்குச்சாவடியைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். 2008-ல் ராஜினாமாவை வைத்தே கோபத்தைக் கிளப்பப் பார்த்தார்கள்.

கொள்கையே இல்லாத ராஜினாமாவும் இங்கே செல்லுபடியாகிறது என்பது எரிச்சலான உண்மை. 2019-ல் கர்நாடகத்தில் காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளம் கூட்டணி ஆட்சியைக் கவிழ்த்த எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதி நீக்கமே செய்தார். டிசம்பர் இடைத்தேர்தலில் பதினைந்து இடங்களில் பன்னிரண்டு பா.ஜ.க.வுக்குப் போயின. தாவியவர்களில் பெரும்பாலோர் தாமரைச் சின்னத்தில் திரும்பி வந்தார்கள். தோற்ற எம்.டி.பி. நாகராஜ்கூட மேலவை வழியாக அமைச்சராகிவிட்டார்.

நாற்காலியைத் துறப்பவருக்கு இந்த உடனடித் தீர்ப்பு கிடைப்பதில்லை. இதற்கு ஒரே மனிதரின் இரண்டு ராஜினாமாக்களே போதும். 2014 பிப்ரவரி 14-ல் அரவிந்த் கேஜ்ரிவால், ஜன் லோக்பால் என்ற ஊழல் ஒழிப்பு மசோதாவைத் தாக்கல் செய்ய முடியவில்லை என்று டெல்லியின் 49 நாள் ஆட்சியை விட்டார். ஓடிப்போனவர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் டெல்லியின் ஏழு தொகுதிகளிலும் அவருடைய ஆம் ஆத்மி கட்சிக்கு பூஜ்யம். அப்புறம் அவர் செய்ததுதான் நம் அரசியலில் அபூர்வம்: விட்டுவிட்டுப் போனது தப்பு என்று மக்களிடம் மன்னிப்புக் கேட்டார், இனி ஐந்தாண்டும் இருப்பேன் என்றார். 2015 சட்டமன்றத் தேர்தலில் எழுபதுக்கு 67.

2024 செப்டம்பரில் மதுபானக் கொள்கை வழக்கில் ஜாமீனில் வந்து, நான் நேர்மையானவன் என்று மக்கள் சொன்னால்தான் நாற்காலியில் உட்காருவேன் என்று மறுபடி விலகினார். சிறையில் இருந்தபோது விடாத பதவியை வெளியே வந்ததும் விட்டதுதான் உறுத்தல். 2025 பிப்ரவரித் தேர்தலில் கட்சி 22 இடங்களில்தான் ஜெயித்தது, அவரும் புது டெல்லியில் 4,089 வாக்கில் தோற்றார். பத்தாண்டு ஆட்சியின் சலிப்பும் சேர்ந்த தோல்வி இது, ராஜினாமா மேல் மட்டும் பழி போட மாட்டேன். ஆனால் அது காப்பாற்றவில்லை.

அமெரிக்காவின் சாரா பேலின் கதை இன்னும் மோசம். 2009 ஜூலையில், புகார்களும் வழக்குச் செலவும் தாங்கவில்லை என்று அலாஸ்கா ஆளுநர் பதவியைப் பாதியில் விட்டார். தொலைக்காட்சிப் புகழ் வந்தது, பதவி திரும்பவில்லை. 2022-ல் பிரதிநிதிகள் சபைக்கு நின்று, அதே ஆண்டில் இரண்டு முறை தோற்றார்.

ஆக, எனக்குத் தேர்வு தெளிவு: எதிர்காலத்தை நினைக்கிறவர் துறக்க வேண்டுமென்றால் தொகுதியைத் துறக்கட்டும், அதுவும் மக்கள் கொதிக்கும்போது. நாற்காலியை விடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அது காமராஜருக்கே நேர்ந்தது. 1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியை விட்டார், அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார், அடுத்தடுத்து இரண்டு பிரதமர்கள் தேர்வாவதில் முக்கியப் பங்கு வகித்தார். ராஜினாமாவால் அவர் தாழவில்லை. ஆனால் பின்னால் வந்த பக்தவத்சலம் ஆட்சியில் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் கிளப்பிய கோபம், விட்டுப் போனவரையும் சேர்த்தே அடித்தது. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தல்தான் அவரை மக்களவைக்கு அனுப்பியது.