26 கட்டத்துக்குள் அடங்காத வில்: ஒரு விரிப்பும் அதன் தூரக் கணக்கும்

கற்பனை வீரர்களாக வேடமெடுத்துப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு மேசையில் விரிக்கிற வினைல் விரிப்பைப் பற்றியது இது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் ஒரு கடையில் நானூறு ரேண்டுக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினேன். நீளம் 26 அங்குலம், அகலம் 23. ஒரு பக்கம் ஓர் அங்குலச் சதுரக் கட்டம், மறுபக்கம் அறுகோணம். பிராண்டைச் சொல்லிப் பயனில்லை, கிடைப்பதெல்லாம் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

பொருளாகப் பார்த்தால் நல்ல பொருள். கனமாக இருக்கிறது, சுருட்டி வைத்தாலும் மடிப்பு விழவில்லை, வீரர்களுக்காக நிறுத்துகிற குட்டிப் பொம்மைகள், அதாவது மினியேச்சர், வழுக்குவதில்லை. ஈரத் துணியால் துடைக்கிற மார்க்கரைத்தான் பயன்படுத்த வேண்டும். மச்சினன் சிவப்பு ஒயிட்போர்டு மார்க்கரால் டிராகன் ரத்தம் வரைந்துவிட்டான். அந்த ரத்தம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

என் குறை தூரத்தில். விதிப்படி ஒரு கட்டம் 5 அடி. அப்படியென்றால் விரிப்பின் முழு நீளமும் 130 அடி, அதாவது 40 மீட்டர். 2014 விதிப்புத்தகத்தில் நெடுவில்லின் சாதாரண வீச்சே 150 அடி, உச்ச வீச்சு 600 அடி. விரிப்பின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவனை அடித்தாலும் வில்லுக்கு அது கிட்டத்துச் சண்டைதான். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கிற சண்டை எல்லாம் ஏழெட்டுக் கட்டத்துக்குள் முடிவதற்கு இதுதான் காரணம். விதிப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லை, மேசை சொல்கிறது. வில்லாளியாக ஆடும் மச்சினன் "அத்தான், என் வில்லுக்கும் அவன் கத்திக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டது நியாயமான கேள்வி.

இந்த ஊர்ப் பிள்ளைகள் மீட்டரில் வளர்ந்தவர்கள், அடிக் கணக்கு அவர்களுக்கு ஒட்டுவதில்லை. கிரிக்கெட் தெரியும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கே கூட்டிப் போனேன். பிட்ச் நீளம் 22 கஜம், அதாவது 66 அடி. விளையாட்டில் கத்தி எறியும் உச்ச வீச்சு 60 அடி. ஸ்டம்பிலிருந்து எதிர் ஸ்டம்புக்குக் கத்தி எறிந்து ஆளைக் கொல்ல முடியுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எறியீட்டிக்குக் கொடுத்திருப்பது 120 அடி, 37 மீட்டர்தான். ஈட்டி எறிதலில் உலகச் சாதனை 98.48 மீட்டர். குறி வைத்து எறிவதும் தூரத்துக்காக எறிவதும் வேறு வேறு, அதனால் ஈட்டிக் கணக்கை நான் மன்னித்துவிடுவேன். பிறகு 600 அடி. 183 மீட்டர். மைதானம் போதவில்லை, வேலியைத் தாண்டிச் சாலை வரை போக வேண்டியிருந்தது. மச்சினனை அங்கே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை.

அந்தத் தூரத்தில் விதி என்ன சொல்கிறது? இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடு, அவ்வளவுதான். பக்கத்தில் நூற்றுக்கு 65 முறை படுகிற அம்பு, அங்கே நூற்றுக்கு 42 முறை படும். அம்பு போய்ச் சேரவே மூன்று நாலு நொடி ஆகும், அதற்குள் அவன் நகர்ந்திருப்பான். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்து 1541 சட்டம், 24 வயது தாண்டியவர்கள் 220 கஜத்துக்குக் குறைந்த இலக்கில் பழகக் கூடாது என்றது. எனவே எட்டுவது பொய்யில்லை. ஆனால் போர்க்களத்தில் அந்தத் தூரத்து அம்பு கூட்டத்தைப் பார்த்து விடுவது, ஒற்றை ஆளை அல்ல. கர்ப்ஸ் (GURPS) என்ற இன்னொரு பகடை விளையாட்டில் 50 கஜத்துக்கே எறிபவனின் திறனில் 8 புள்ளி குறையும், 200 கஜத்துக்கு 12. அதுவும் மூன்று பகடை முறை, சாமானியன் தொடவே முடியாது. அதுதான் சரி.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஓட்டக் கணக்கு இதைவிட மோசம். ஒரு சுற்று 6 நொடி, நடை 30 அடி, ஓடினால் 60. மணிக்கு 11 கிலோமீட்டர். உயிர் பிழைக்க ஓடுகிறவன் இந்த வேகத்திலா ஓடுவான்? 1983ல் அமெரிக்கக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர், கத்தியோடு வருகிறவன் 21 அடியை ஒன்றரை நொடியில் கடப்பான் என்று காட்டினார். 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில் நேராக ஓடினால் நடையைப் போல நாலு மடங்கு, 120 அடி என்று இருந்தது. அதை ஏன் எடுத்தார்களோ!

கிட்டத்திலும் இதே கதைதான். ஐந்தாம் பதிப்பில் ஈட்டியும் கத்தியும் ஒரே 5 அடி எட்டும். திருநெல்வேலிப் பக்கம் சிறு வயதில் நெற்றி உயரக் கம்பு சுற்றியவன் நான். கம்பு சுற்றுகிறவனிடம் கத்தியோடு நெருங்குவது எவ்வளவு சிரமம் என்பது முட்டியில் அடி வாங்கியவர்களுக்குத் தெரியும். இந்த மண்ணிலேயே பாருங்கள்: எறிகிற நீள ஈட்டியை விட்டுக் குட்டைக் காம்பு, அகல இலை கொண்ட இக்ல்வாவுக்கு ஜூலுப் படையை மாற்றியவர் ஜூலு மன்னர் ஷாகா என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கேடயத்தோடு ஒட்டிப் போய்க் குத்துவதற்கான ஆயுதம் அது. இரண்டு ஈட்டிக்கும் நடுவில் இருக்கிற ஒரு கை நீள வித்தியாசத்தில் ஒரு போர்முறையே இருக்கிறது, 5 அடிக் கட்டம் அதை விழுங்கிவிடுகிறது.

டர்பனிலிருந்து வடக்கே மூன்று நாலு மணி நேரம் ஓட்டினால் இசண்ட்ல்வானா. 1879 ஜனவரி 22 அன்று சுமார் 20,000 ஜூலு வீரர்கள் பிரிட்டிஷ் முகாமை வீழ்த்திய இடம். குன்றடியில் நின்றால் புல்வெளி கிலோமீட்டர் கணக்கில் விரிகிறது. துப்பாக்கிச் சண்டை நூற்றுக்கணக்கான மீட்டரில் தொடங்கி, கடைசியில் கைகலப்பில் முடிந்தது. புல்வெளியில் எதிரி எவ்வளவு தூரத்தில் தென்படுவான் என்பதற்கு ஆட்டத்தை நடத்துகிறவர் முன்னால் வைத்துக்கொள்ளும் டன்ஜன் மாஸ்டர் திரையில் ஒரு கணக்கு உண்டு, சராசரி 210 அடி. 64 மீட்டர்! அந்தப் புல்வெளியைப் பார்த்த பிறகு சிரிப்புதான் வருகிறது.

சரி, விரிப்பைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். குகைக்குள் ஆடினால் அது பொருத்தமான அளவுதான், தீப்பந்த வெளிச்சம் மங்கலையும் சேர்த்து 40 அடிதான் போகும். வெளியில் மட்டும் அளவை மாற்றிவிட்டோம். பழைய பதிப்புகளில் நிலவறைக்குள் ஓர் அங்குலம் 10 அடி, வெட்டவெளியில் 10 கஜம். அதையே எடுத்துக்கொண்டோம். 10 கஜம் என்றால் 30 அடி, ஒரு சுற்று நடை கச்சிதமாக ஒரு கட்டம். விரிப்பின் நீளம் 260 கஜம் ஆகிறது, வில்லின் 600 அடி 20 கட்டத்தில் அடங்கிவிடுகிறது. நேர் ஓட்டத்துக்கு நாலு கட்டம் கொடுக்கிறோம். ஒருவரை ஒருவர் தொட்ட பிறகு ஒரு மூலையில் 5 அடிக் கட்டத்துக்கு மாறுகிறோம். இப்போது எதிரிகள் மரத்துக்கு மரம் ஒளிந்து வருகிறார்கள், மச்சினன் அம்பை எண்ணி விடுகிறான், கத்திக்காரன் ஓடையோரம் பதுங்குகிறான்.

இதே விரிப்பில் இரண்டு மடங்கு பெரியதும் கடையில் இருந்தது. அதை வாங்க வேண்டாம். நாலு பேர் உட்காரும் மேசையில் ஓரம் தொங்கி மினியேச்சர் சரிகிறது, சாப்பாட்டுத் தட்டு வைக்கவும் இடமில்லை. சின்னதே போதும். மார்க்கரைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், சிவப்பை மட்டும் எடுத்து ஒளித்து வையுங்கள்.