வர்ட்டஸ்: பின் சீட்டில் குடும்பத்தை உட்கார வைப்பவர்களுக்கு

செடான் வாங்கத் தேடியபோது நான் போன ஷோரூம் எல்லாவற்றிலும் முதலில் காட்டியது சன்ரூஃபைத்தான். பாதுகாப்பு பற்றிக் கேட்டால் "ஆறு ஏர்பேக் இருக்கு சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. மாதாமாதம் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவன் நான்.

கடைசியில் ஃபோக்ஸ்வேகன் வர்ட்டஸ் வாங்கியதற்குக் காரணம், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பின் அறிக்கை. 2023 ஏப்ரலில் வந்த முடிவில் பெரியவர்களுக்கு 34-க்கு 29.71, குழந்தைகளுக்கு 49-க்கு 42, இரண்டிலும் ஐந்து நட்சத்திரம். அதே ஆண்டு அக்டோபரில் ஹூண்டாய் வெர்னாவும் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. குழந்தைகளுக்கான மதிப்பெண்கூட அதே 42. ஆனால் அறிக்கைக்குள் போய்ப் படித்தால், மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடந்த முன்பக்க மோதலில் வர்ட்டஸின் உடற்கூடு உறுதியாக நின்றது என்றும், வெர்னாவின் கூடு உறுதியானதல்ல என்றும் எழுதியிருக்கிறார்கள். நட்சத்திரத்தை எண்ணுவதைவிட இந்த ஒரு வரி முக்கியம். கூடு நசுங்கி ஆள் இருக்கும் இடமே சுருங்கினால், பெல்ட்டும் ஏர்பேக்கும் வேலை செய்ய இடம் இருக்காது.

பின் சீட்டு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடுவில் உட்காருபவருக்கும் தோளைச் சுற்றி வரும் மூன்று முனை பெல்ட், தலைக்குத் தனிச் சாய்மானம். ஓரச் சீட்டுகள் இரண்டிலும் ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தைச் சீட்டைக் காரோடு நேரடியாகப் பூட்டும் கொக்கிகள். மகளின் சீட்டை வைத்துத் தள்ளினால் இரண்டு பக்கமும் 'டக்' என்று பிடித்து, சிவப்புக் குறி பச்சையாக மாறும். மேல் பட்டையைப் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டி இறுக்கிவிட்டு அசைத்துப் பார்த்தால், சீட்டோடு சேர்ந்து காரே ஆடும். அம்மாதான் ஆரம்பத்தில் "பின்னாடி உட்கார்றவளுக்கு எதுக்குடா பெல்ட்டு, சேலை கசங்குது" என்பார். "நீ பெல்ட் போடலைன்னா இடிக்கிற வேகத்துல முன்னாடி இருக்கிறவங்க மேலதாம்மா வந்து விழுவே" என்றேன். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

மதுராந்தகம் தாண்டி மழையில் ஒருமுறை, எதிர்த்திசையில் வந்த பைக்குக்காக பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒடித்தேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென மின்னியது. வண்டி பின்பக்கம் இழுக்காமல் நான் திருப்பிய பக்கமே போனது. அதுதான் இ.எஸ்.சி., வண்டி சறுக்கினால் தானாகவே சக்கரங்களுக்குத் தனித்தனியாக பிரேக் போட்டு நேர்ப்படுத்தும் வசதி. எல்லா வேரியண்ட்டிலும் உண்டு. இதற்காக விலை கூடிய மாடலுக்குப் போக வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. என் வண்டியில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான். இந்த விலைக்கு டிஸ்க் கொடுத்திருக்க வேண்டும். வெர்னாவின் உயர் வேரியண்ட்டில் இருப்பதுபோல் தானாக பிரேக் பிடிக்கும் அடாஸ் வசதி இதில் இல்லை. பின் சீட்டு நடுவில் தரை மேடாக இருப்பதால், பெல்ட் இருந்தும் பெரியவர் ஒருவர் நெடுநேரம் உட்கார முடியாது. அம்மா, மனைவி, குழந்தைச் சீட்டு என மூன்றும் பின்னால் வேண்டுமென்றால் இடிக்கும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது உங்கள் குழந்தைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மாட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.