பழைய டர்போ டீசல் கார் ஸ்டார்ட் ஆகலையா? பம்பைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் போட்ட வண்டிகள் நெல்லைப் பக்கம் இன்னும் நிறைய ஓடுகின்றன. 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலில் தொடங்கி டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று எல்லாவற்றிலும் அதே 1,248 சிசி டர்போ இன்ஜின்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததோடு புது வண்டியில் அது நின்றுபோனது. இன்று ரோட்டில் இருப்பதில் பல, பத்து வயதைத் தாண்டியவை. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் இன்ஜின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் அசராமல் ஓடும். வயதானபின் ஆளைப் படுத்துவது வயரிங்தான். ஆனால் 'வண்டி ஸ்டார்ட் ஆகலை' என்று போனால் முதலில் காதில் விழுவது டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.எம். என்ற ஐந்திலக்கச் செலவு. அளந்து பார்க்காமல் அதில் எதையும் கழற்ற விடாதீர்கள்.

முதல் கேள்வி, செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்கிறதா இல்லையா என்பது. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு நின்றால் ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்சான சொலினாய்டின் காண்டாக்ட், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன், அல்லது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் வயர். சத்தமே இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயர்.

மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், விலை குறைந்ததே போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் காலிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் செல்ஃப் சுற்றினாலும் வண்டி பிடிக்காமல் போகலாம், ஏனென்றால் வோல்டேஜ் சரிந்த அந்த நொடியில் இ.சி.எம். அணைந்து அணைந்து எழும். அப்போது ஸ்கேனரில் சம்பந்தமே இல்லாத நாலைந்து கோளாறுக் கோடு (குறியீடு) வந்து நிற்கும். அதை நம்பி சென்சார் மாற்றுகிறவர்கள் ஏராளம். பேட்டரியைச் சரிசெய்து, கோடுகளை அழித்துவிட்டு, திரும்ப வருவதை மட்டும் கணக்கில் எடுங்கள். நம்மூர் வெயிலுக்கு பேட்டரி மூன்று, நான்கு வருடம் தாண்டினாலே சந்தேக லிஸ்டில் வைக்க வேண்டியதுதான்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் முக்குகிறதா? எர்த்தைச் சோதியுங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான ஒரு போல்ட்டில், கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலேயே. மேலே மாட்டிய கிளாம்ப்பில் அல்ல. ஒருவரை ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதேபோல பாசிட்டிவ் முளைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய நட்டுக்கும் இடையே 0.5-க்கு மேல் போனால் அந்தக் கேபிளோ முனையோ போய்விட்டது. மீட்டர் இல்லாத இடத்தில், நெகட்டிவ் முளையிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு ஜம்ப் கேபிளை மாட்டி அடித்துப் பாருங்கள். சுறுசுறுப்பாகச் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது.

உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் பக்கம் நிற்கிற வண்டிகளில் இது சர்வ சாதாரணம். கியர்பாக்ஸ் எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சை பூத்திருக்கும். பின்னிய எர்த் பட்டையை வளைத்தால் இழை இழையாக உதிரும். உப்புத்தாளால் பெயின்ட் போகத் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்தபின் முடுக்கி, மேலே வாஸலின் பூசுங்கள். பழையதை நம்பாமல் 25 சதுர மி.மீ. தாமிர வெல்டிங் கேபிளில் லக் (வளைய முனை) அடித்து இரண்டாவதாக ஒரு எர்த் கொடுப்பது இந்த வயது வண்டிக்கு உருப்படியான செலவு.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஆராய வேண்டியது வேறு. டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்குகிறதா பாருங்கள். மினுக்கினால் சாவியை அடையாளம் காணாமல் இன்ஜினைத் தடுக்கும் இம்மொபைலைசர், இரண்டாவது சாவியால் முயலுங்கள். அது இல்லையென்றால் இ.சி.எம்.மைப் படித்து போனில் காட்டும் ஓ.பி.டி. புளூடூத் கருவியிலேயே பல வண்டிகளில் இரண்டு எண்கள் கிடைக்கும்: செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம்., ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்). இந்த இரண்டும் பாதி வேலையை முடித்துவிடும். இன்ஜின் சுற்றுவது காதில் கேட்கிறது, ஆர்.பி.எம். மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றால் இன்ஜின் சுற்றுவதை இ.சி.எம்.முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். கோடு பெரும்பாலும் பி0335. ஆர்.பி.எம். 200-க்கு மேல் வருகிறது, ரெயில் பிரஷர் ஏறவில்லை என்றால் டீசல் பக்கம். சுமார் 200, 250 பார் வராமல் இ.சி.எம். இன்ஜெக்டரைத் திறக்காது.

'குற்றாலம் போகும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம், திரும்ப ஸ்டார்ட் ஆகலை, அரை மணி நேரம் கழித்துத் தானாக எடுத்தது' என்கிற புகாரையும் இதே எண்களால் பிரிக்கலாம். சூட்டில் கிராங்க் சென்சாரின் உள் சுருள் விட்டுப்போவது ஒரு காரணம். சூடான டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக ரிட்டர்னில் (டேங்குக்குத் திரும்பும் பைப்பில்) ஓடிவிடுவது இன்னொன்று. முதல் கோளாறில் ஆர்.பி.எம். இருக்காது, இரண்டாவதில் பிரஷர் இருக்காது. சூட்டில் செல்ஃபே மெதுவாகச் சுற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார். எந்த இன்ஜெக்டர் என்று அறிய, ரிட்டர்ன் பைப்புகளைக் கழற்றி ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு 15 விநாடி செல்ஃப் அடியுங்கள். மற்றதைவிட மிக அதிகமாக நிறைகிற பாட்டில் காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்பே ஃபில்டரில் தண்ணீரை வடித்து, பைப் இணைப்புகள் வழியாக ஏர் உள்ளே நுழைகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை இங்கே கடைசியில் வையுங்கள். மார்கழி அதிகாலையிலும் திருநெல்வேலியில் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான். பிளக் நான்கும் செத்தாலும் கொஞ்சம் இழுத்து, வெள்ளைப் புகையோடு எடுத்துவிடும். டர்போவும் ஸ்டார்ட் ஆகாததற்கு நேரடிக் காரணமாக இருப்பது அபூர்வம். அது செய்யும் கெடுதி மறைமுகமானது. வெப்பத்தைத் தடுக்கும் தகடு கழன்று போயிருந்தால் டர்போவின் சூட்டில் பக்கத்து வயரின் மேலுறை மொறுமொறுவென்று உடையும். கசியும் ஆயில் வயர் இணைப்புக் கப்ளருக்குள் இறங்கும்.

சென்னையில் வேலை, கார் ஊர் வீட்டில், கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும்தான் எடுப்பது என்றால் இரண்டு பகை உண்டு. ஒன்று கரண்ட் கசிவு. பூட்டி அரை மணி நேரம் கழித்து நெகட்டிவ் வயரில் அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். வெளியே மாட்டிய ஸ்டீரியோ, ஜி.பி.எஸ். ஏதாவது 300 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர். 60 ஆம்பியர் அவர் பேட்டரி நான்கே நாளில் பாதியாகிவிடும். இன்னொன்று எலி. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுப்பக்கம் ஏறும். பேட்டரி தட்டுக்குப் பின்புறமும் இன்ஜின் மேல்மூடிக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்த சென்சார் வயரை முறுக்கி டேப் சுற்றுவது நிற்காது. ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, முன்பு இருந்த வயர்க் கட்டோடே சேர்த்துவிட வேண்டும்.

பட்டறையில் மூன்று வேலைகளைக் கண்டிப்பாகத் தடுங்கள். டைனமோவைச் சோதிக்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. அந்த நொடியில் ஏறும் வோல்டேஜ் இ.சி.எம்.மைக் கொன்றுவிடும். மீட்டரில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏரை வெளியேற்றுவது பழைய டீசலுக்குச் சரி; காமன் ரெயிலில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இன்ஜின் காற்று இழுக்கும் ஏர் ஹோஸில் பெட்ரோல் துணி காட்டுவது பிஸ்டனை உடைக்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் 2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ கார்கள் முங்கின. கழுவி, சீட் மாற்றி விற்றுவிட்டார்கள். வயருக்குள் ஏறிய தண்ணீர் மேலுறைக்கு அடியிலேயே அடிக்கணக்கில் ஊறி, தாமிரத்தை மெல்ல அரிக்கும். கோளாறு மாதங்கள் கழித்தே தலைகாட்டும். டிரைவர் கால் பக்கத்து மிதியடி விரிப்பைத் தூக்கி எர்த் போல்ட்டைப் பாருங்கள், ஃபியூஸ் பாக்ஸைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். ஏதாவது ஒரு வயரின் மேலுறையை அரை அங்குலம் உரித்தால் தாமிரம் சிவந்து மின்ன வேண்டும். கறுத்து, ஈயம் ஒட்டாமல் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.