வங்கக் கடலில் ஓர் அட்டவணை: தமிழ்நாடு சுவர்ப்படம் பற்றிய மதிப்புரை

சீர்காழிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் நூலகத்தில், அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாலை நேரத்தில் கூடும் அறைக்காகச் சென்ற மாதம் ஒரு தமிழ்நாடு சுவர்ப்படம் வாங்கினேன். நான்கடி உயரம், மூன்றடி அகலம், ஒரு சென்டிமீட்டருக்கு 6 கிலோமீட்டர் என்ற அளவு, துணி ஒட்டிய முதுகு, மேலும் கீழும் மரக்கழி. விலை 650 ரூபாய். வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், நிலப்படத்தைக் கண்டால் எல்லைக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பேன். பதிப்பாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் கடையில் கிடைக்கும் பல படங்களுக்கும் பொருந்தக்கூடியவை.

படத்தை வரைந்த கை தேர்ந்த கை என்பதில் ஐயமில்லை. பழவேற்காடு ஏரியிலிருந்து கன்னியாகுமரி வரை இறங்கி, அங்கே திரும்பிக் குளச்சலைக் கடந்து கேரள எல்லையைத் தொடும் கரைக்கோடு, பிச்சாவரத்துக் கழிமுகமும் முத்துப்பேட்டைக் காயலும் கோடியக்கரையின் மூக்கும் தெளிவாகத் தெரியும்படி வரையப்பட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் வெறும் புள்ளிகளாக விட்டுவிடாமல் சங்கிலியாகக் காட்டியிருக்கிறார்கள். வைகையைப் பல படங்கள் தடித்த நீலக்கோடாகக் கடல் வரை இழுத்துவிடுவதுண்டு. இதில் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் பிறகு அது புள்ளிக்கோடாக மெலிகிறது. அந்த ஆற்று நீர் கடலைக் காண்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர் செய்த வேலை அது.

மாவட்ட எல்லைகளும் புதியவை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலம் அமைந்தபோது 13 மாவட்டங்களாக இருந்த நிலப்பரப்பு இன்று 38 மாவட்டங்கள். 2019 நவம்பரில் மட்டும் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு என ஐந்து மாவட்டங்கள் பிரிந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்து சேர்ந்தது. இந்த ஆறு மாவட்டங்களும் தனித்தனி வண்ணத்தில் இருக்கின்றன. சென்னையும் பழைய 176 சதுர கிலோமீட்டர் சென்னையாக இல்லாமல், 2018இல் மாநகராட்சி எல்லையோடு பொருந்துமாறு விரிக்கப்பட்ட 426 சதுர கிலோமீட்டர் மாவட்டமாக, வடக்கே கத்திவாக்கம் வரையிலும் தெற்கே உத்தண்டி வரையிலும் நீள்கிறது.

காரைக்காலைச் சுற்றியுள்ள பகுதியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். 1991இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்து, பிறகு 1997இல் அதிலிருந்து திருவாரூரும் பிரிந்தபோது, எஞ்சிய நாகை மாவட்டம் நடுவில் காரைக்காலை வைத்துக்கொண்டு வடக்கும் தெற்குமாக இரண்டு துண்டாகிவிட்டது. மயிலாடுதுறை தனி மாவட்டமாகும் வரை, எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டுமானால், பேருந்தில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் நுழைந்து காரைக்காலைக் கடந்து மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் இறங்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் திருவாரூர் மாவட்டத்தைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போக வேற்று ஆட்சிப் பகுதியைக் கடந்தாக வேண்டியிருந்த இந்த விந்தையும், மயிலாடுதுறையைத் தனி மாவட்டமாக்கக் கோரியவர்கள் அதையே முதல் வாதமாக வைத்ததும் எதனால் என்பதை, சுவரில் இந்தப் படத்தைக் காட்டி ஒரு நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடிந்தது. புதுச்சேரிப் பகுதி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையே பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதையும், பாகூர்ப் பக்கம் வரை, இந்த அளவுக்குள் இயன்ற மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல படத்தின் வலப்பக்கத்தில், வங்கக் கடல் இருக்க வேண்டிய இடத்தில், ஓர் அட்டவணையை அச்சிட்டிருக்கிறார்கள். என் வருத்தமெல்லாம் அதன்மேல்தான்.

அதில் கடலோர மாவட்டங்கள் 13 என்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் காஞ்சிபுரம் உண்டு, மயிலாடுதுறை இல்லை. செங்கல்பட்டு பிரிந்த நாளோடு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடல் இல்லாமல் போயிற்று. மாமல்லபுரமும் கல்பாக்கமும் கோவளமும் செங்கல்பட்டில் உள்ளன. தரங்கம்பாடியும் பூம்புகாரும் மயிலாடுதுறைக்கு வந்துவிட்டன. ஆகவே திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி எனக் கடலோர மாவட்டங்கள் 14. இதற்கு வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. ஒரு சாண் இடப்பக்கமாகத் தங்கள் படத்தையே பார்த்திருந்தால் போதும்.

மக்கள்தொகைப் பத்தி இதைவிடக் கெட்டது. 2011 கணக்கெடுப்பு நடந்தபோது மாவட்டங்கள் 32. அந்த எண்களை எடுத்து இன்றைய பெயர்களுக்கு எதிரே அப்படியே ஒட்டிவிட்டு, புதிய ஆறு மாவட்டங்களுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். அதனால் காஞ்சிபுரத்துக்கு 39.98 லட்சம் என்று வருகிறது. அந்தத் தொகைக்குள் இன்றைய செங்கல்பட்டும், சென்னையோடு சேர்ந்துவிட்ட ஆலந்தூர், சோழிங்கநல்லூர்ப் பகுதிகளும் அடங்கியிருக்கின்றன. மூன்றாகப் பிரிந்த வேலூருக்கும் பிரிவினைக்கு முந்தைய 39.36 லட்சமே தரப்பட்டிருக்கிறது. சென்னைக்குப் பரப்பளவு 426 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 46.47 லட்சம் என்று இருப்பதைப் பார்த்து ஒரு மாணவி அடர்த்தியைக் கணக்கிட்டாள். சதுர கிலோமீட்டருக்குப் பதினோராயிரத்துக்கும் குறைவாக வந்தது. அதே கணக்கெடுப்பு அன்றைய சென்னைக்குச் சொல்லும் அடர்த்தி 26,553. புதிய பரப்பைப் பழைய மக்கள்தொகையோடு சேர்த்தால் பாதி நகரம் காணாமல் போகத்தான் செய்யும். மாநிலத்தின் மொத்தத் தொகையான 7.21 கோடி மட்டும், எல்லைகள் எப்படி மாறினாலும் மாறாதது என்பதால், சரியாக இருக்கிறது.

கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதைப் பிழை என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் மாநில அரசின் மீன்வள ஆவணங்களில் நெடுங்காலமாக உள்ள எண் அது. ஆனால் ஒன்றிய அரசின் பழைய கணக்கு 906.9 கிலோமீட்டர் என்றது. 1:2,50,000 அளவுப் படங்களைக் கொண்டு அண்மையில் மறுபடி அளந்தபோது அது 1,068.69 ஆக உயர்ந்து, ஆந்திரத்தைத் தாண்டிக் குஜராத்துக்கு அடுத்த இடத்துக்குத் தமிழ்நாடு வந்தது. கரை வளரவில்லை; அளவுகோல் நுணுக்கமானதால் காயலும் கழிமுகமும் கணக்கில் ஏறின. எந்தக் கணக்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் குழப்பம் இருந்திருக்காது.

நிர்வாக அடுக்கையும் அரைகுறையாகவே தந்திருக்கிறார்கள். மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய்க் கிராமம் என்பது நிலவரிக்கும் பட்டாவுக்கும் உரிய வரிசை. ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி என்பது உள்ளாட்சிக்கு உரிய வரிசை. மாநிலத்தின் 388 ஒன்றியங்களை வட்டங்களின் உட்பிரிவுபோல ஒரே ஏணியில் அடுக்கியிருப்பது தவறு. ஒன்றிய எல்லை வட்ட எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் இரண்டு ஊராட்சிகள் இருந்ததால் எழுந்த தாவாக்களில் என் பணிக்காலத்தின் கணிசமான பகுதி கரைந்திருக்கிறது.

இன்னொன்று. சாலைக் குறியீடுகளின் பெட்டியைக் கொண்டுபோய் யாழ்ப்பாணக் குடாநாடு இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். எதிர்க்கரை இல்லாமல் பாக் நீரிணை எப்படி நீரிணை ஆகும்? தனுஷ்கோடிக்கு அப்பால் தலைமன்னார் தெரியவில்லை, கச்சத்தீவு பெட்டியின் விளிம்புக்குள் போய்விட்டது. இராமேசுவரத்து மீனவர்களைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு வந்து சுவரைப் பார்க்கும் பிள்ளைக்கு, அங்கே கடல் எவ்வளவு ஒடுக்கம் என்பது புலப்படாது.

அச்சும் தாளும் உறுதியானவை, எழுத்துரு தூரத்திலிருந்தும் படிக்க முடிகிறது, ஊர்ப்பெயர்களில் எழுத்துப்பிழை மிகக் குறைவு. 650 ரூபாய் படத்துக்குத் தகும், அட்டவணைக்குத் தகாது. நான் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, 14 கடலோர மாவட்டங்களின் பெயரைக் கையால் எழுதி வைத்துவிட்டேன். வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரைப் படத்தை முழுவதும் விரிக்கச் சொல்லி, கீழ் இடது மூலையில் அச்சிட்ட ஆண்டையும், காரைக்காலுக்கு மேலே மயிலாடுதுறைக்குத் தனி வண்ணம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.